ஆணிக்கு வராத ரிங்

"...அன்னைக்கே, அந்த ரோட்டுல வச்சே, ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லண்ணே. நான் என்ன ஒங்கள அடிச்சா போட்ருவேன்?" என்று கேட்டார் முத்தையா.

பட்டறை வாசலில், வேப்பமரத்து நிழலில் நின்றுதான் கேட்டார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்குச் சுலபமாகப் போயிருக்கும். நானும் நாலு வார்த்தை பேசிச் சமாளித்திருப்பேன். 'சம்முவத்துக்கு வாய்க்குள்ள ஒரு ஸ்பானர் இருக்கு, எந்தப் பேச்சையும் கழட்டி மாட்டிருவான்' என்று பட்டறையில் என்னைச் சொல்வார்கள். அன்றைக்கு அந்த ஸ்பானர் எதிலும் பிடிக்கவில்லை.

இது நடந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றே இரண்டு வருஷம் ஆயிற்று. இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், போன மாதம் எங்கள் மெக்கானிக் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் ஒரு தம்பி படம் ஒன்று போட்டிருந்தார். பழைய காரின் ஆயில் ஃபில்டரைத் திறந்தால், ஒரே இடத்தில் இரண்டு ரப்பர் ரிங். முன்னால் வேலை பார்த்தவர் பழையதை எடுக்காமலே அதன்மேல் புதியதை வைத்து மூடியிருக்கிறார். படத்துக்குக் கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். 'எந்த மகராசன் கைவரிசையோ' என்று ஒருவர். 'அவருக்குக் கண்ணாடி வாங்கிக் குடுங்கப்பா' என்று இன்னொருவர். நானும் ஒரு பொம்மையைத் தொடப் போனேன். விரல் நின்றுவிட்டது. 'ஒருகாலத்துல அந்த மகராசன் நான்தான்' என்று எழுதினேன். பிறகு அந்தத் தம்பி, 'அண்ணே, அத முழுசா எழுதிக் குடுங்கண்ணே, சங்கத்து மலர்ல போடுவோம்' என்றார்.

ராமநாதபுரம் பட்டறைக்கு நான் பத்தொன்பது வயதில் வந்தேன். முதுகுளத்தூர்ப் பக்கம் மானாவாரிக் காடு எங்களுடையது. மிளகாய்ச் செடி பூவோடு கருகிய ஒரு வருஷத்தில் பஸ் ஏறிவிட்டேன். படிப்பு எட்டாவது. கண்ணை மூடிக்கொண்டு போல்ட் அளவு சொல்ல ஒரு வருஷம், இன்ஜினைத் தனியாக இறக்கி ஏற்ற ஆறு வருஷம். இடைப்பட்டதெல்லாம் எல்லா மெக்கானிக்குக்கும் நடந்ததுதான். புத்தகம் பார்த்துக் கற்றது கொஞ்சம், வண்டிக்காரர்கள் வாயைப் பார்த்துக் கற்றது அதிகம். 'மாவாட்டுற மாதிரி இருக்குண்ணே', 'புள்ள இருமுற மாதிரி இருக்குண்ணே' என்று அவர்கள் சொல்வதை வைத்தே பாதி நோயைக் கண்டுபிடித்துவிடலாம். அந்தப் பேச்சுகளை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். முத்தையா பேசியது மட்டும் அந்த நோட்டில் இல்லை. அதற்கு நோட்டு தேவைப்படவில்லை.

பட்டறை சிக்கந்தர் பாயுடையது. பாய் திட்ட மாட்டார். திட்டினால் தேவலை என்று நாங்கள் நினைக்கும்படி பேசாமல் இருப்பார். தப்பான வேலையைக் கண்டால், நம் கையிலிருந்து ஸ்பானரை வாங்கி, துணியில் துடைத்து, பலகையில் அதன் இடத்தில் மாட்டிவிட்டுப் போய்விடுவார். அவ்வளவுதான். அந்த வேலையை முதலிலிருந்து செய்ய வேண்டும் என்று அர்த்தம். நல்ல வேலையைக் கண்டால் 'ம்' என்பார். அந்த 'ம்' வருஷத்துக்கு இரண்டு மூன்று முறை கிடைத்தால் அதிகம்.

அந்தக் காலத்துப் பல கார்களில் ஆயில் ஃபில்டர் இப்போதுபோல் ஒரே டப்பாவாகக் கழற்றி எறிவது கிடையாது. இன்ஜினின் விலாவில் ஓர் அலுமினிய வார்ப்பு இருக்கும்; அதுதான் ஹவுசிங். அதன் ஒரு முகம் இன்ஜினோடு ஒட்டும், நடுவே எண்ணெய் ஒழுகாமலிருக்கப் பேக்கிங் தாள். இன்னொரு முகத்தில் சொம்பு மாதிரி ஒரு கிண்ணம், நீளமான ஒற்றை போல்ட்டில் நிற்கும். கிண்ணத்துக்குள் ஃபில்டர். கிண்ணத்தின் விளிம்பு போய் உட்காரும் இடத்தில் வட்டமாக ஒரு பள்ளம், காடி என்போம்; அந்தக் காடிக்குள் ஒரு ரப்பர் ரிங். ஃபில்டரை மாற்றும்போதெல்லாம் ரிங்கையும் மாற்ற வேண்டும். பழைய ரிங் சூட்டில் வெந்து, தட்டையாகி, காடியோடு காடியாகக் கிடக்கும். நகத்தால் கீறினால்கூட இரும்பு என்றே தோன்றும். கூரான கம்பியை விட்டு நெம்பினால்தான் வெளியே வரும். அதை எடுக்காமல் மேலே புதியதை வைத்து மூடினால், அதுவும் சரியாகத்தான் மூடிக்கொள்ளும். ஒழுகாது. அதுதான் அதிலுள்ள மோசம். கொஞ்ச தூரம் வேகமாக ஓடி எண்ணெயின் அழுத்தம் ஏறும்போது மேல் ரிங் பிதுங்கி வெளியே வந்துவிடும். இன்ஜினிலுள்ள எண்ணெய் முழுவதும் அந்த வழியாக ரோட்டுக்குப் போய்விடும். இருபது எண்ணுவதற்குள் எண்ணெயில்லாத இன்ஜின் சூடேறி இறுகிப் பிடித்துக்கொள்ளும்.

இதற்காகவே பாய் ஒரு வழக்கம் வைத்திருந்தார். சுவரில் நீளமான ஓர் ஆணி. எந்த வண்டியில் பழைய ரிங்கைக் கழற்றினாலும் அதில் மாட்ட வேண்டும். கிண்ணத்தை மூடும் முன் பாய் இருந்த இடத்திலிருந்தே கேட்பார்: "ஆணிக்கு வந்துருச்சா?" வந்துவிட்டது என்று சொன்னால்தான் மூடலாம். வாரத்தில் ஃபில்டர் மாற்றிய வண்டிகளுக்குச் சிலேட்டில் கோடு போட்டிருக்கும். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் போகுமுன் பாய் ரிங்குகளை எடுத்து எண்ணுவார். கோடும் ரிங்கும் சமமாக இருக்க வேண்டும். இருந்தால் ரிங்குகளைக் குப்பையில் போட்டுவிட்டுத் தொழப் போவார்.

எங்களோடு வேலை பார்த்த செபஸ்தியான் மண்டபத்துக்காரர். "எங்க அய்யா கரைக்கு வந்ததும் மீன எண்ணுவாரு. எங்க பாய் ரப்பர எண்ணுறாரு. என்னைக்கு ஏலம் விடப்போறாரோ" என்பார். பாய் காதிலும் அது விழும். சிரிக்கவும் மாட்டார், நிறுத்தவும் மாட்டார்.

முத்தையா ஓட்டி வந்தது ஒரு வெள்ளை டீசல் கார். அப்போதே பழசு. எங்கள் பக்கத்து ஊர் ஒன்றில் நிறைய நிலமுள்ள பெரிய சம்சாரி வேலுச்சாமி; வண்டி அவருடையது. முத்தையாவுக்கு அவர் 'பெரியய்யா'. முத்தையாவின் அப்பா அவர் காட்டில் கூலிக்கு உழுதவர். முத்தையாவும் அதே காட்டில் களை வெட்டியவர்தான். லைசென்ஸ் எடுத்து அந்தக் காரில் உட்கார்ந்த நாளிலிருந்து, பதினோரு வருஷமாக, மண்வெட்டியைத் தொட்டதில்லை. வெள்ளைச் சட்டை போடுவார். ஊரில் அவரை 'டிரைவர்' என்று கூப்பிட்டார்கள். கார்ச்சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்து வைத்திருப்பார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "சட்டப்பைல கெடந்தா தொலஞ்சுரும்ணே. இங்கன கெடந்தா, இது தொலையணும்னா நானும் சேந்துல தொலையணும்" என்றார்.

தை அமாவாசைக்கு முதல் நாள் காலையில் வந்தார். மறுநாள் வேலுச்சாமி தன் அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுக்க ராமேஸ்வரம் போக வேண்டும். வண்டியோ மூன்று மாதமாக ஒழுகுகிறது. வேறு இரண்டு இடங்களில் கிண்ணத்து போல்ட்டை இறுக்கி இறுக்கி அனுப்பியிருந்தார்கள்.

"நிக்கிற எடத்துலெல்லாம் கோலம் போடுதுண்ணே. பெரியய்யா வீட்டு வாசல்ல போட்டுச்சுன்னா ஏச்சு எனக்கு."

எண்ணெய் தெரிகிற இடம் வேறு, ஒழுகுகிற இடம் வேறு. காற்று அதை இழுத்துக்கொண்டு போய் எங்கேயோ சொட்ட வைக்கும். அந்தப் பக்கம் முழுவதையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்துக் காயவிட்டேன். முகத்துக்குப் போடுகிற பவுடரை எடுத்து ஹவுசிங்கைச் சுற்றித் தூவினேன். இன்ஜினை ஓடவிட்டு, டார்ச் அடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். வெள்ளையில் எந்த இடம் முதலில் கறுக்கிறதோ அங்கேதான் ஒழுக்கு.

"என்னண்ணே, வண்டியப் பொண்ணு பாக்க வாராகளா? பவுடரெல்லாம் பூசுறீக."

"சத்தம் போடாம நில்லுங்க தம்பி. வெக்கப்பட்டுச்சுன்னா ஒழுகாது."

ஒழுகியது. கிண்ணத்தில் இல்லை, ஹவுசிங் இன்ஜினோடு ஒட்டுகிற முகத்தில், மேல் மூலையில் கறுத்தது. ஹவுசிங்கையே கழற்ற வேண்டும். கிண்ணத்தை இறக்கி வைத்தேன். மூன்று போல்ட். இரண்டு வந்தன. மூன்றாவது துருவோடு ஒன்றாகியிருந்தது. வேகப்பட்டால் தலை முறிந்து உள்ளேயே தங்கிவிடும். டீசல் விட்டு ஊறவைத்து, கொஞ்சம் இறுக்கி, கொஞ்சம் தளர்த்தி, மறுபடி டீசல் விட்டு, முக்கால் மணி நேரத்தில் அதுவும் வந்தது.

முகத்தைத் துடைத்துப் பார்த்தால் அம்மைத் தழும்புபோல் குழி குழியாக இருந்தது. எங்கள் மாவட்டத்துப் போர்த் தண்ணீரில் சோப்பு நுரைக்காது; அவ்வளவு உப்பு. அந்தத் தண்ணீரைச் சூடான இன்ஜினில் பீய்ச்சி அடித்தால், பேக்கிங் ஓரமாக இறங்கி அலுமினியத்தை அரித்துவிடும்.

"வண்டிய யாரு கழுவுறா?"

"நான்தாண்ணே. வாரத்துக்கு ரெண்டு தடவ. பானட்டத் தெறந்து இன்ஜினையும் சேத்து. சுத்தமா வச்சுக்கணும்ல" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏண்ணே, தப்பா?" என்றார்.

தடித்த கண்ணாடித் துண்டு ஒன்றைப் பலகையில் வைத்து, அதன்மேல் எமரி பேப்பரை விரித்து, டீசல் தெளித்து, ஹவுசிங்கின் அந்த முகத்தைக் கவிழ்த்து, எட்டு எழுதுவதுபோல் தேய்க்கத் தொடங்கினேன். ஒரே திசையில் தேய்த்தால் முகம் சாய்ந்துவிடும். ஐம்பது எட்டு எழுதியதும் கழுவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். குழியில் கறுப்பு தெரிந்தால் மறுபடி ஐம்பது. மதியச் சோற்றுக்கு எழுந்திருக்கவில்லை. கடைசியில் முகம் முழுவதும் ஒரே சாம்பல் நிறமாக, கண்ணாடிமேல் வைத்தால் ஒட்டிக்கொள்கிற மாதிரி வந்தது. புதிய பேக்கிங் தாளை அதன்மேல் வைத்து, உருண்டைத்தலைச் சுத்தியலால் ஓரங்களில் மெல்லத் தட்டி, அச்சு விழுந்த கோட்டோடு வெட்டி எடுத்தேன்.

பாய் வந்தார். கட்டைவிரலை அந்த முகத்தில் ஒருமுறை ஓட்டினார். "ம்" என்றார்.

அந்தச் சந்தோஷத்தில்தான் மிச்ச வேலையைச் செய்தேன். ஹவுசிங்கை ஏற்றி மூன்று போல்ட்டையும் மாறி மாறி இறுக்கினேன். புதிய ஃபில்டரைக் கிண்ணத்தில் வைத்தேன். புதிய ரிங்கை எண்ணெயில் நனைத்துக் காடியில் அழுத்தினேன். கிண்ணத்தைத் தூக்கினேன்.

"ஆணிக்கு வந்துருச்சா?" என்றார் பாய்.

திரும்பிப் பார்த்தேன். ஆணியில் ஒரு ரிங் தொங்கியது. அப்போதுதான் மாட்டியது, நுனியில் எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது.

"வந்துருச்சு பாய்" என்றேன்.

பொய் சொல்லவில்லை. நானே மாட்டியதாகத்தான் நினைத்தேன். காலையிலிருந்து எத்தனையோ கழற்றியிருந்தேன், கையெல்லாம் எண்ணெய். ஆனால் அந்த ரிங், செபஸ்தியான் பக்கத்தில் ஒரு வேனில் கழற்றி மாட்டியது. முத்தையா வண்டியின் பழைய ரிங் காடிக்குள்ளேயே கிடந்தது. நான் எட்டு எழுதிய அத்தனை நேரமும் அந்தக் காடி என் விரல்களுக்கு அடியிலேயே இருந்திருக்கிறது. ஆணி இல்லாத பட்டறையாக இருந்தால் நான் காடியைப் பார்த்திருப்பேன். ஆணி இருந்ததால் ஆணியைப் பார்த்தேன்.

அரைமணி நேரம் ஓடவிட்டோம். பவுடர் வெள்ளையாகவே இருந்தது. முத்தையா வண்டிக்கடியில் ஒரு செய்தித்தாளை விரித்து வைத்து, எடுத்துப் பார்த்து, "ஒரு பொட்டுகூட இல்லண்ணே" என்றார். அந்தத் தாளைப் பெரியய்யாவிடம் காட்ட மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை எட்டு மணி வாக்கில் உச்சிப்புளி தாண்டி ஒரு கடையிலிருந்து முத்தையா போன் செய்தார். பாயின் மொபெட்டில் சாமான்களைக் கட்டிக்கொண்டு போனேன். ரோட்டோரம் கார் நின்றது. வேலுச்சாமி நேரமாகிறது என்று அந்த வழியாக வந்த வேறு வண்டியில் ஏறி ராமேஸ்வரம் போய்விட்டிருந்தார். முத்தையா மட்டும் நின்றார்.

"எண்ணெ வெளக்கு செவப்பா எரிஞ்சுச்சுண்ணே. எரிஞ்ச ஒடனே கால எடுத்துட்டேன். ஓரங்கட்டுறதுக்குள்ள டக்டக்குன்னு அடிச்சுச்சு, அப்புடியே பிடிச்சுக்கிருச்சு."

தார் ரோட்டில் எண்ணெய்க்கோடு தொடங்கிய இடத்திலிருந்து வண்டி வரைக்கும் நடந்து பார்த்தேன். ஐந்து போஸ்ட் கம்பம். அவ்வளவுதான். சாதாரண ஒழுக்கில் எண்ணெய் மைல் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும்; திருப்பத்தில், மேட்டில் என்று விளக்கு பத்து முறை கண் சிமிட்டிக் காட்டும். ஐந்து கம்ப தூரத்தில் ஓர் இன்ஜினே காலியாவது ஒரே ஒரு வகையில்தான் நடக்கும்.

"வேர்த்து ஊத்துது ஒங்களுக்கு. இருங்க, ஒரு சோடா வாங்கிட்டு வாரேன்" என்று முத்தையா கடைப்பக்கம் போனார்.

அவர் போன நேரத்தில் கிண்ணத்தைத் திறந்தேன். புதிய ரிங் ஒரு பக்கம் பிய்ந்து வெளியே தொங்கியது. காடியில் கம்பியை விட்டு நெம்பினேன். பழையது வந்தது. வட்டமாக, முழுசாக, கருங்கல்போல். அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

முத்தையா சோடாவோடு வந்தார். "என்னண்ணே ஆச்சு?"

"ரிங் பிச்சுக்கிச்சு" என்றேன். சோடாவைக் குடித்தேன்.

வண்டியைக் கட்டி இழுத்து வந்தோம். மதியத்துக்குள் அமாவாசைக் கூட்டத்து வண்டிகளும் மணற்காற்றும் அந்த எண்ணெய்க்கோட்டைத் துடைத்திருக்கும்.

சாயங்காலம் வேலுச்சாமி நேராகப் பட்டறைக்கு வந்தார். நெற்றியில் திருநீறு, வேட்டி நுனியில் இன்னும் ஈரம். பாய் என்னைப் பார்த்தார்.

"என்ன கண்ட, சம்முவம்?"

"ரிங் பிச்சுக்கிட்டு வந்துருச்சு பாய். எண்ணெ பூராம் போயிருக்கு."

வேலுச்சாமி கேட்டார்: "எண்ணெ கொறஞ்சா வெளக்கு எரியுமா, எரியாதா?"

"எரியும்ங்கய்யா."

"எரிஞ்ச ஒடனே நிப்பாட்டுனா இன்ஜின் போகுமா?"

சொல்வதற்கு அதுதான் இடம். இரண்டு ரிங் என்று இரண்டு வார்த்தை. என் கை சட்டைப்பை மேலேயே இருந்தது.

"சாதாரணமாப் போகாதுய்யா" என்றேன்.

"அப்ப எங்கயோ பராக்குப் பாத்துக்கிட்டு ஓட்டிருக்கான்."

"அய்யா, சத்தியமா எரிஞ்ச ஒடனே நிப்பாட்டிட்டேன்யா. சம்முவண்ணே, நீங்க வந்து பாத்தீகள்ல, சொல்லுங்கண்ணே."

நான் கையிலிருந்த துணியைப் பார்த்தேன்.

"சாவியக் குடுலே" என்றார் வேலுச்சாமி.

முத்தையா சட்டையைத் தூக்கி அரைஞாணில் முடிச்சைத் தேடினார். பதினோரு வருஷத்து முடிச்சு. வேர்வையும் எண்ணெயும் ஏறி இறுகியிருந்தது. விரலுக்கு வரவில்லை. நாங்கள் எல்லோரும் நின்றுகொண்டிருந்தோம். வேலுச்சாமி கையை நீட்டியபடியே நின்றார். கடைசியில் முத்தையா என் மேஜையிலிருந்து பிளேடை எடுத்துக் கயிற்றை அறுத்துச் சாவியைக் கொடுத்தார். பிளேடைத் திரும்ப மேஜையில் வைத்துவிட்டுப் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார்.

அடுத்து வந்த வெள்ளிக்கிழமை பாய் ஆணியிலிருந்து ரிங்குகளை எடுத்து எண்ணினார். சிலேட்டைப் பார்த்தார். மறுபடி எண்ணினார்.

"ஏழு வண்டி. ஆறு ரிங்கு" என்றார். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. ஆறையும் குப்பையில் போடாமல் ஆணியிலேயே மாட்டினார். கை கால் கழுவிக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போய்விட்டார்.

"ஏப்பா, எலி கிலி தூக்கிட்டுப் போயிருச்சா?" என்றார் செபஸ்தியான். பிறகு என் முகத்தைப் பார்த்தார். ஸ்பானரை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார்.

பாய் தொழுதுவிட்டு வர ஒருமணி நேரம் ஆகும். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான ஒருமணி நேரம் கிடையாது. அவர் வந்து தொப்பியை மடித்து வைத்ததும், அந்த ரிங்கை எடுத்து அவர் முன்னால் மேஜையில் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன், சோடா குடித்தது உட்பட.

பாய் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ரோட்டுல கோடு எம்புட்டு தூரம்?"

"அஞ்சு கம்பம் பாய்."

கண்ணை மூடித் திறந்தார். "அந்தப் புள்ள சொன்னது நெசம்."

"ஆமா பாய்."

ரிங்கை என் பக்கம் தள்ளினார். "இத ஏன் எங்கிட்ட வைக்கிற? எனக்கு ஒரு இன்ஜின் வேல. பட்டற செஞ்சு குடுத்துரும். சாவி போனவன்கிட்ட சொல்லு. வாங்குனவர்கிட்டயும் சொல்லு."

"தனியாவா பாய் போக?"

"ஆணிக்கு வந்துருச்சுன்னு தனியாத்தான சொன்ன?"

மறுநாள் முதுகுளத்தூர் பஸ் ஏறி, அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் அந்த ஊருக்குப் போனேன். வேலுச்சாமி களத்தில் இருந்தார். அந்த வருஷத்து முதல் எடுப்பு மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. நெடி தொண்டையைப் பிடித்தது. நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே, ரிங்கை வாங்கி நகத்தால் கீறிப் பார்த்தார்.

"இது இரும்புல்ல?"

"ரப்பர்தான்யா. வெந்துபோய் இப்புடி ஆயிருச்சு. இத எடுக்காம மூடிட்டேன். வெளக்கு எரியிறதும் இன்ஜின் பிடிக்கிறதும் ஒண்ணாத்தான் நடந்துருக்கும். எந்த டிரைவரா இருந்தாலும் காப்பாத்திருக்க முடியாது. முத்தையா சொன்னது அத்தனையும் நெசம்யா."

அவர் ரிங்கை என் கையில் திருப்பி வைத்தார்.

"எங்கப்பனுக்கு எள்ளும் தண்ணியும் எறைக்கப் போனேன். போயிட்டு வார வழில இன்னொருத்தன் பெத்த புள்ளய நாலு பேரு முன்னால நிக்க வச்சுக் கேவலப்படுத்திட்டு வந்துருக்கேன்" என்றார்.

"முத்தையா எங்கன இருக்காருங்கய்யா?"

"கரிமூட்டத்துல. சீமக்கருவேல் வெட்டுறான். சாவியக் குடுத்த மறுநாளே போயிட்டான்."

"நான் போய்ச் சொல்லிட்டு வாரேன்யா."

"வேண்டாம். சாவியக் கேட்டு வாங்குனது நான். நான்தான் கொண்டுபோய்க் குடுக்கணும். நீ பஸ்ஸப் பாரு."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கருவேலங்காட்டுப் பக்கம் நடந்தார். வயசான மனுஷன், வெயிலில், செருப்பைக்கூட மறந்துவிட்டு. அவர் பின்னால் நான் நடந்திருக்க வேண்டும். அவர் வேண்டாம் என்றதைச் சாக்காக வைத்துக்கொண்டு பஸ்ஸைப் பிடித்தேன். இரண்டு ரிங்கை ஒரு காடியில் வைத்தது கவனக்குறைவு என்றாவது சொல்லிக்கொள்ளலாம். அந்தப் பஸ்ஸில் ஏறியதற்கு எந்தப் பெயரும் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

இன்ஜினுக்குள் சுழலும் கிராங்கை லேத்தில் கடைய மதுரைக்கு அனுப்பினோம். பேரிங் எல்லாம் புதிது. இன்ஜினை நான் ஒருவனே சேர்த்தேன். பாய் வேறு யாரையும் தொட விடவில்லை. பழைய ஆணிக்குப் பக்கத்தில் பாய் இன்னொரு சின்ன ஆணி அடித்து அந்த ரிங்கை அதில் மாட்டினார். வெள்ளிக்கிழமை எண்ணும்போது அதைச் சேர்க்க மாட்டார், எடுக்கவும் மாட்டார். நான் ஓய்வு பெற்ற அன்றும் அது அங்கேதான் இருந்தது. இன்னொன்றும் மாறியது. 'ஆணிக்கு வந்துருச்சா' என்று கேட்பதை பாய் அன்றோடு விட்டுவிட்டார். எழுந்து வந்து, "காடியக் காட்டு" என்பார். விரலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பார். குழுவில் சிரித்த தம்பிகளுக்கு என்னிடம் தொழில் ரகசியம் என்று ஒன்று இருந்தால் அது இவ்வளவுதான்.

மூன்று வாரம் கழித்து வண்டியை எடுக்க முத்தையா வந்தார். வெள்ளைச் சட்டைதான் போட்டிருந்தார். நகக்கண்ணில் கரி இருந்தது. முன்கையில் முள் கிழித்த கோடுகள் ஆறிக்கொண்டிருந்தன. பாய் அவரைக் கண்டதும் எழுந்து நின்றார். ஒரு டிரைவருக்காக அவர் எழுந்து நான் பார்த்ததில்லை. நான் வேப்பமரத்தடிக்குப் போனேன். முத்தையா அங்கே வந்தார்.

"பெரியய்யா கரிமூட்டத்துக்கே வந்துட்டாக. எங்கூட வேல பாத்தவுக எல்லாரும் இருக்கையில, 'தப்பு எம்மேலதாம்லே'ன்னு சொன்னாக. நீங்களும் ஊருக்கு வந்தீகளாம். களத்தோட திரும்பிட்டீகளாம்."

"ஆமா தம்பி."

"எங்க வீட்டுக்காரி என்னயக் கேட்டுச்சுண்ணே. 'நெசமாவே வெளக்கப் பாத்தீகளா'ன்னு. அதுக்கே சந்தேகம் வந்துருச்சு. ரெண்டு மூணு நாளுல எனக்கே வந்துருச்சு, எரிஞ்சத நான் பாக்கலையோன்னு. அன்னைக்கே, அந்த ரோட்டுல வச்சே, ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லண்ணே. நான் என்ன ஒங்கள அடிச்சா போட்ருவேன்?"

இந்த முறையும் நான் கைத்துணியைத்தான் பார்த்தேன்.

முத்தையா காருக்குப் போய்க் கதவைத் திறந்து உட்கார்ந்தார். சட்டையைத் தூக்கினார். அரைஞாணில் புதுக் கயிறு; முடிச்சு உடனே அவிழ்ந்தது. சாவியைப் போட்டு ஒரு சுற்று மட்டும் திருப்பினார். இன்ஜினைக் கிளப்பவில்லை. கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தபடி அப்படியே இருந்தார். நான் போனேன். ஜன்னலில் கை வைத்துக் குனிந்தேன். இன்ஜின் ஓடாமல் சாவி மட்டும் திரும்பியிருந்தால் எரிகிற அந்தச் சிவப்பு எண்ணெய் விளக்கு, ஸ்டியரிங்குக்குப் பின்னால் எரிந்துகொண்டிருந்தது. நான் அதைப் பார்த்துவிட்டு நிமிரும் வரை சாவியிலிருந்து அவர் கையை எடுக்கவில்லை. அதற்குப் பிறகுதான் வண்டியைக் கிளப்பினார்.